அருமை என்பது ஓர் இடமா?

மயூர் விஹார், தில்லி
12 அக்டோபர் 2024

அன்புள்ள அண்ணாவுக்கு விஜி அநேக நமஸ்காரம். இங்கே நானும் இவரும் சௌக்கியம். இவருடைய இருமல் மட்டும் தீபாவளிக்கு முன்பே வெடிக்க ஆரம்பித்துவிட்டது. தில்லிப் புகை அப்படி. உன் முழங்காலும் மன்னியின் சர்க்கரையும் எப்படி இருக்கின்றன?

ஒரு வேடிக்கை நடந்திருக்கிறது. உட்கார்ந்துகொண்டு படி. என்னைக் கோல்ஃப் ஆட்டத்துக்குத் தமிழில் வர்ணனை செய்யக் கூப்பிட்டிருக்கிறார்கள்!

ஒரு விளையாட்டுச் சானல் எல்லா ஆட்டங்களையும் எல்லா மொழிகளிலும் காட்டப் போகிறதாம். கிரிக்கெட்டுக்கும் கபடிக்கும் சென்னையில் ஆள் கிடைத்துவிட்டார்கள். கோல்ஃபுக்குத் தமிழ் பேச ஒருவரும் அகப்படவில்லை. தயாரிப்பாளர் ஷ்வேதா எங்கள் அடுக்குமாடிச் சொசைட்டியில்தான் இருக்கிறாள். தில்லியில் பிறந்த பெண். தமிழ் பேசுவாள், ஓர் எழுத்துப் படிக்க வராது. "ஆன்ட்டி, முப்பது வருஷம் ரேடியோல தமிழ் நியூஸ் படிச்சிருக்கீங்க. அந்த வாய்ஸ் போதும். கோல்ஃப் ரொம்ப ஈஸி, டென்ஷன் மத் லோ, கவலைப்படாதீங்க" என்கிறாள்.

டிசம்பரில் குருகிராமில் ஒரு சின்னப் போட்டி. அதில் தேறினால் பிப்ரவரியில் நடு தில்லியில் பெரிய சர்வதேசப் போட்டி.

எனக்குத் தெரிந்த கோல்ஃப், ஞாயிற்றுக்கிழமை காலையில் நீ வீட்டில் இருக்கமாட்டாய் என்பது மட்டும்தான். போனில் சொன்னால் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிடுவேன். எழுதி அனுப்பு. மைக்குக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொள்கிறேன்.

மன்னிக்கு என் நமஸ்காரம்.
விஜி


வெலிங்டன், நீலகிரி
26 அக்டோபர் 2024

சௌ. விஜிக்கு அண்ணாவின் ஆசீர்வாதம். நாங்கள் நலம். குளிர் ஆரம்பித்துவிட்டது. லதா கம்பளியை எடுத்து வெயிலில் போட்டிருக்கிறாள், வெயில்தான் வரவில்லை.

உன் கடிதத்தை லதா படித்து முடித்ததும் நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. ராணுவத்தில் இருந்த காலம் முழுக்க உனக்கு இந்த ஆட்டத்தைச் சொல்லித்தர முயன்றேன். கடைசியில் ஒரு சானல் வந்து உன்னை என்னிடம் பிடித்துக் கொடுத்திருக்கிறது.

விஷயம் இவ்வளவுதான். ஒரு சின்னப் பந்து. தூரத்தில் ஒரு குழி. குறைவான அடியில் போடுகிறவன் ஜெயிக்கிறான். எதிராளி உன் பந்தைத் தொடமாட்டான், தடுக்கமாட்டான். நிற்கும் பந்தை அடிப்பதில் என்ன கஷ்டம் என்று எல்லோரும் கேட்பார்கள். நிற்பதுதான் கஷ்டம். ஓடிவரும் பந்து உன்னை யோசிக்க விடாது. நிற்கிற பந்து யோசிக்க வைக்கும்.

பையில் பதினான்கு கட்டைகளுக்கு மேல் கூடாது. மிகப் பெரிய தலை உள்ளது டிரைவர், தூரத்துக்கு. இரும்புத் தலை கட்டைகள் குறி பார்த்து அடிக்க. மணலிலிருந்து தூக்க ஒன்று, கடைசியில் உருட்டிவிட ஒன்று. நடு தில்லி மைதானத்தில் நான் ஆடியிருக்கிறேன். இரு பக்கமும் கீகர் முள், நம் கருவேலம்தான், நடுவில் ஒற்றையடிப் பாதை மாதிரி புல். அங்கே டிரைவரை எடுப்பவன் பலசாலி, எடுக்காதவன் புத்திசாலி.

ஒரு குழிக்கு விதித்த கணக்கில் ஓர் அடி குறைந்தால் பேர்டி, ஓர் அடி கூடினால் போகி. எல்லாவற்றையும் அப்படியே சொல். குருவி, பூதம் என்று மொழிபெயர்க்க ஆரம்பித்தாயானால் உன்னோடு பேசமாட்டேன்.

நான் இப்போது ஆடுவதில்லை. முழங்கால். பை மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது.

உன் வீட்டுக்காரரை வெந்நீர் குடிக்கச் சொல்.
அண்ணா சேஷு


மயூர் விஹார்
18 நவம்பர் 2024

அன்புள்ள அண்ணாவுக்கு நமஸ்காரம். இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுதுவது வழக்கம். மூச்சு விடுகிறோம் என்று எழுதுவதே நிஜம்.

நேற்று ஷ்வேதா என்னை ஒரு பயிற்சித் திடலுக்கு அழைத்துப் போனாள். அங்கே பிரீதம் காதியான் இருந்தார். ஜஜ்ஜர் பக்கத்துக்காரர், நாற்பதைத் தாண்டியவர், கொஞ்சம் தொப்பை. பார்த்தால் நம் காலனியில் பால் பூத் நடத்துகிறவர் மாதிரி. இவரா பெரிய ஆட்டக்காரர் என்று நினைத்துக்கொண்டிருந்தபோதே அவர் அடித்தார்.

அண்ணா, அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வேன்? காற்றையே ஒரு துணி மாதிரி கிழித்தாற்போல. நான் இன்னும் பந்து இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பந்து அங்கே இல்லை, எங்கேயுமே இல்லை. ஷ்வேதா என் மோவாயைப் பிடித்து நிமிர்த்தினாள். வெகு தூரத்தில், மரங்களுக்கெல்லாம் மேலே, ஒரு வெள்ளைப் புள்ளி நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது, அவசரமே இல்லாமல். அப்புறம் வேறு கட்டை எடுத்தார். ஒன்றன்பின் ஒன்றாக அடித்த பந்துகள் எல்லாம் தூரத்தில் ஒரு ஜமக்காளத்தின்மேல் போட்டதுபோல ஒரே இடத்தில் விழுந்தன. மனுஷக் கை இதைச் செய்யுமா?

"ஆன்ட்டி, ஆப் பீ ட்ரை கீஜியே" என்று அவரே தன் கட்டையைக் கொடுத்தார். வீசினேன். புல் பறந்தது. பந்து பறக்கவில்லை. எப்படிப் பிடிக்க வேண்டும், சொல்.

இன்னொன்று. உன் எழுத்து ஏன் இவ்வளவு பெரிதாகிவிட்டது? பக்கத்துக்கு எட்டு வரிதான் இருக்கிறது. எனக்கு வயதாகிவிட்டது என்று என் கண்ணுக்காகவா?

மன்னிக்கு ஐ.என்.ஏ. மார்க்கெட்டிலிருந்து வாங்கிய நார்த்தங்காய் வற்றல் அனுப்பியிருக்கிறேன்.
விஜி


வெலிங்டன்
2 டிசம்பர் 2024

சௌ. விஜிக்கு ஆசீர்வாதம். நலம். வற்றல் வந்தது, பாதி தீர்ந்தும் விட்டது.

பேனா புதிது. தடித்த முனை.

கட்டையைப் பிடிக்கும் விதம்: குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு ரிங் ரோடைத் தாண்டுவாயே, அப்படி. விடவும் கூடாது, நசுக்கவும் கூடாது. வீசும்போது கையை மறந்துவிடு, இடுப்பு திரும்பட்டும். பந்து போன பிறகும் தலையைத் தூக்காதே. எல்லோரும் பந்து எங்கே போகிறது என்று பார்க்கும் ஆசையில்தான் கெடுத்துக்கொள்கிறார்கள்.

குழி இருக்கும் மெத்துப் புல்லுக்கு க்ரீன் என்று பெயர். அங்கே பெரிய ஆட்டக்காரர்கள் சுற்றிச் சுற்றி நடப்பார்கள். சும்மா நடக்கிறார்கள் என்று எண்ணாதே. சரிவைப் பாதத்தால் தெரிந்துகொள்கிறார்கள். கண் ஏமாற்றும். பாதம் ஏமாற்றாது.

லதாவின் போனில் உன் சானலை வைத்தாயிற்று. முதல் நாள் முதல் குழியிலிருந்து கேட்பேன்.
அண்ணா


மயூர் விஹார்
23 டிசம்பர் 2024

அன்புள்ள அண்ணாவுக்கு நமஸ்காரம். நலம், நலமே விழைகிறேன்.

தேறிவிட்டேன்! நொய்டாவில் ஒரு கண்ணாடி அறை, எதிரே டி.வி.; காதில் மும்பையிலிருந்து டைரக்டர் பேசுகிறார். அவருக்கு ஒரே சட்டம்: பந்து காற்றில் இருக்கும்போது வாயைத் திறக்கக் கூடாது. "விஷுவல் பேசும், நீங்கள் பேசாதீர்கள்." நான் ஒரு தடவைகூட மீறவில்லை. முதல் நாள் மூடுபனியால் ஆட்டமே தாமதம். அந்த நேரத்தை உன் பதினான்கு கட்டைகளை வைத்தே ஓட்டினேன். ஷ்வேதா கட்டிப்பிடித்துக்கொண்டாள். பிப்ரவரிப் போட்டியும் எனக்குத்தான். ஸ்பெயினிலிருந்து இக்னாசியோ வருகிறாராம், போன வருஷம் பெரிய கோப்பைகளில் இரண்டை வென்றவர்.

நீ கேட்டாயா? எப்படி இருந்தது? உடனே எழுது.
விஜி


வெலிங்டன்
30 டிசம்பர் 2024

விஜிக்கு,

கேட்டேன். உச்சரிப்பு சுத்தம். மற்றதைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே.

அடிக்கிற சத்தம் கேட்கிறது. அதற்குப் பிறகு நீ செத்த மாதிரி இருக்கிறாய். கூட்டம் ஹோ என்கிறது. அப்புறம் நீ "அருமை" என்கிறாய். எங்கே விழுந்தது? வலமா, இடமா? மணலிலா, புல்லிலா? அருமை என்பது ஓர் இடமா? நான்கு நாளும் ஒரு பந்துகூடக் கீழே வரவில்லை எனக்கு. "ஆஹா, என்ன ஒரு திருப்பம்" என்கிறாய். எந்தப் பக்கம் திருப்பம்? காதியான் கடைசிக் குழியில் என்ன செய்தான் என்பது இந்த நிமிஷம்வரை எனக்குத் தெரியாது.

முப்பது வருஷம் வானொலியில் இருந்தவளுக்கு இது தெரிய வேண்டாமா?

புது வருஷ ஆசிகள்.
சேஷு


மயூர் விஹார்
19 ஜனவரி 2025

அன்புள்ள அண்ணாவுக்கு நமஸ்காரம்.

உன் கடிதத்துக்குப் பதில் எழுதக் கூடாது என்று இருந்தேன். பொங்கலுக்குக்கூட எழுதவில்லை, கவனித்திருப்பாய். அறுபது வயதில் அண்ணாவிடம் திட்டு வாங்கி அழுதேன் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். இவர் பார்த்தார். "டி.வி.யில் தெரியறதை எதுக்குச் சொல்லணும்? உங்க அண்ணாக்கு என்ன வந்தது?" என்றார்.

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஷ்வேதாவிடம் போய் கடைசி நாள் பதிவைக் கேட்டு வாங்கினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். நீ சொன்னது சரி, அண்ணா. ஒரு பந்துகூடக் கீழே வரவில்லை.

அப்புறம் உன் கடிதங்களை எடுத்து வரிசையாக வைத்தேன். எழுத்து ஒவ்வொன்றிலும் பெரிதாகிக்கொண்டே வந்திருக்கிறது. கடைசிக் கடிதத்தில் ஒரு வரி மேலேயே இன்னொரு வரி ஏறியிருக்கிறது. என் கடிதத்தை மன்னி படித்து முடித்ததும் சிரித்ததாக எழுதியிருந்தாய். என் கடிதத்தை மன்னி ஏன் படிக்கிறாள்? "கேட்பேன்" என்றுதான் எழுதினாய். "பார்ப்பேன்" என்று எழுதவில்லை.

அண்ணா, உன் கண்ணுக்கு என்ன?
விஜி


வெலிங்டன்
6 பிப்ரவரி 2025

அன்பு விஜிக்கு மன்னி எழுதுவது. ஆசீர்வாதம். மாப்பிள்ளையின் இருமல் குறைந்ததா?

உன் கடிதத்தை இவருக்குப் படித்துக் காட்டினேன். கடைசி வரி வந்ததும் எழுந்து தோட்டத்துக்குப் போய்விட்டார். இரண்டு வாரமாகப் பதில் எழுது என்கிறேன், "அவளுக்கு வேலை இருக்கு, தொந்தரவு பண்ணாதே" என்கிறார். அதனால் நானே எழுதுகிறேன். இவருக்குத் தெரியாது.

இரண்டு கண்ணிலும் நடுப் பார்வை போய்விட்டது, விஜி. ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. கோயம்புத்தூரில் ஊசி போட்டார்கள். மேற்கொண்டு போகாமல் நிறுத்தலாம், போனது வராது என்றார்கள். ஓரம் தெரிகிறது. நடப்பார், விழமாட்டார். என் புடவைக் கரை தெரிகிறது என்பார். முகம் தெரியாது. முதலில் காணாமல் போனது பந்துதான். தினம் தினம் அடித்துவிட்டு "வெயில் கண்ணில் படறது" என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். ஒரு நாள் பையோடு திரும்பி வந்தார், படிக்குக் கீழே வைத்தார், அவ்வளவுதான். மைதானத்துப் பக்கமே போவதில்லை. நண்பர்கள் கூப்பிட்டால் முழங்கால் என்கிறார். உனக்கு எழுதுவது மட்டும்தான் தன் கையால் எழுதுகிறார், மூக்கைத் தாளில் வைத்துக்கொண்டு.

அவரிடம் எதுவும் கேட்காதே. ஆனால் உன் போட்டி ஆரம்பிக்கும் இருபதாம் தேதி காலையிலிருந்து நாற்காலியை ஜன்னலோரம் போட்டு உட்காரப் போகிறார். அது எனக்குத் தெரியும்.
லதா


மயூர் விஹார்
14 பிப்ரவரி 2025

அன்புள்ள அண்ணாவுக்கு நமஸ்காரம். இங்கே நலம். புகை போய் வெயில் வந்துவிட்டது. இலவம்பூ சாலையெல்லாம் கொட்டிக் கிடக்கிறது.

கண்ணாடி அறை வேண்டாம், மைதானத்துக்குள் இருந்தே பேசுகிறேன் என்று ஷ்வேதாவிடம் சண்டை போட்டு வாங்கிவிட்டேன். நேற்று ஆளில்லாத மைதானத்தைச் சுற்றி வந்தேன். கடைசிக் குழிவரை கால் வலிக்க நடந்தேன். எங்கே மேடு, எங்கே பள்ளம், எந்த மரம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது எல்லாம் என் பாதத்துக்குத் தெரியும் இப்போது. கடைசிக் குழிக்குப் போகும் வழியில் இடது பக்கம் லோதி அரசர்கள் காலத்துப் பழைய சமாதி ஒன்று இருக்கிறது, கறுத்த குவிமாடம். அதன் மேல் ஒரு மயில் உட்கார்ந்திருந்தது. எதிரே வலது பக்கம் கீகர் காடு. அதற்குள் பந்து போனால் பாம்புதான் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று தோட்டக்காரர் சொன்னார்.

ஒவ்வொரு பந்தும் எங்கே போகிறது என்று சொல்வேன். தரையைத் தொடும்வரை சொல்வேன்.

வேறு ஒன்றும் இல்லை. மன்னிக்கு நமஸ்காரம்.
விஜி


மயூர் விஹார்
25 பிப்ரவரி 2025

அன்புள்ள அண்ணாவுக்கு நமஸ்காரம். எல்லோரும் சௌக்கியம். என் தொண்டை மட்டும் இல்லை.

முப்பது வருஷம் உரக்கப் படித்தவளுக்குக் கிசுகிசுக்கத் தெரியவில்லை. முதல் நாள் முதல் குழியில் காதியான் என்னைத் திரும்பிப் பார்த்தார், உதட்டில் விரல் வைத்து. பிறகு கற்றுக்கொண்டேன். அடிக்கும்வரை முணுமுணுப்பு, அடித்த கணத்தில் பேச்சு. மும்பைக்காரர் காதில் கத்தினார். நான் காதுக் கருவியை எடுத்துத் தோளில் தொங்கவிட்டேன். வாழ்க்கையில் முதல் தடவை சொன்ன சொல் கேட்கவில்லை.

அண்ணா, அந்த இக்னாசியோவைப் பக்கத்தில் பார்த்தேன். சாதாரண உயரம். மெல்லிய மணிக்கட்டு. அடிப்பதற்கு முன் பந்துக்குப் பின்னால் போய் நின்று வானத்தைப் பார்க்கிறார். அங்கே ஏற்கெனவே ஒரு கோடு போட்டிருக்கிறதுபோல, அதைப் படிக்கிறவர்போல. அப்புறம் பந்து அந்தக் கோட்டிலேயே போகிறது. நான்கு நாளும் பார்த்தேன். கோயிலில் தீபாராதனைக்கு நிற்பதுபோல நின்றேன் என்று சொன்னால் மிகை என்பாய். நின்றேன்.

ஷ்வேதா நேற்று வந்தாள். "ஆன்ட்டி, ரேடியோ மாதிரி இருந்ததுன்னு மேல கம்ப்ளெய்ன்ட். அடுத்த டோர்னமென்ட்டுக்கு வேற யாரையோ பார்க்கறாங்க. சாரி" என்றாள். பாவம், அவள்தான் அழுதாள். எனக்கு வருத்தமில்லை.

நீ கேட்டாயா என்று கேட்கமாட்டேன்.
விஜி


வெலிங்டன்
9 மார்ச் 2025

சௌ. விஜிக்கு அண்ணாவின் ஆசீர்வாதம். நாங்கள் நலம். தொண்டைக்கு மிளகும் பனங்கற்கண்டும்.

வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால் மன்னித்துக்கொள். இது நீளமான கடிதம்.

கடைசி நாள், கடைசிக் குழி. காதியானும் இக்னாசியோவும் சமம். இக்னாசியோவின் முதல் அடி வலது பக்கம் கீகர் காட்டுக்குள் போய்விட்டது. "பந்து கிடைத்துவிட்டது, இரண்டு மரங்களுக்கு நடுவே, முன்னால் கிளை தாழ்ந்திருக்கிறது, பக்கவாட்டில் வெளியே தட்டிவிடுவதைத் தவிர வழியில்லை" என்றாய். நானும் அதையேதான் நினைத்தேன். பிறகு நீ, "நீளமான இரும்புக் கட்டையைக் கேட்கிறார்" என்றாய். நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். லதாவிடம், "பைத்தியக்காரன், அடிக்கப் போறான்" என்றேன்.

நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன், எனக்கு மனப்பாடம்: "அடித்துவிட்டார். தாழ்வாகப் போகிறது, கிளைக்கு அடியில், இடுப்பு உயரம்தான், வெளியே வந்துவிட்டது. இடது பக்கம் போகிறது, சமாதியை நோக்கி, ஐயோ, குவிமாடத்தில் மோதப் போகிறது. இல்லை. திரும்புகிறது. வலது பக்கம் திரும்புகிறது, யாரோ கூப்பிட்டதுபோல. க்ரீனுக்கு முன்னால் தரையைத் தொட்டது. ஒரு குதி, இரண்டு குதி, மேட்டில் ஏறுகிறது, உருள்கிறது, இன்னும் உருள்கிறது. நின்றுவிட்டது. குழிக்கு இடப்பக்கம், ஒரு ஆள் படுத்தால் எட்டும் தூரம்." அப்புறம் நீ மூச்சு வாங்கினாய். கூட்டம் கத்தியது. "காதியான் தன் அடியை அடிக்காமல் நிற்கிறார், தொப்பியைக் கழற்றிவிட்டுக் கை தட்டுகிறார்" என்றாய். அவன் தோற்கப் போகிறான் என்று அவனுக்குத் தெரியும். தோற்றான். இருந்தாலும் கை தட்டினான்.

விஜி, நான் எத்தனையோ மைதானங்களில் எத்தனையோ பெரியவர்கள் ஆடப் பார்த்தவன். இப்படி ஒரு அடியை நான் பார்த்ததில்லை. இதைப் பார்த்தேன்.

உன்னை நீக்கிவிட்டார்கள் என்று லதா படித்தபோது அந்த மும்பைக்காரனைக் கோர்ட் மார்ஷல் செய்ய வேண்டும் என்றேன். அது கிடக்கட்டும்.

போன வெள்ளிக்கிழமை காலை பையை எடுத்துத் துடைத்தேன். லதாவும் செருப்பைப் போட்டுக்கொண்டு கூடவே வந்தாள். கல்யாணமாகி நாற்பது வருஷத்தில் அவள் மைதானத்துக்குள் கால் வைத்தது அன்றுதான். கூட்டம் இல்லாத வேளை. முதல் குழியில் பந்தை அவளே வைத்தாள். "எனக்கு அது தெரியாது லதா. நீதான் சொல்லணும்" என்றேன். யாரிடமும் நான் இதைச் சொன்னதில்லை.

முதல் அடி புல்லைப் பெயர்த்தது. "பந்து அங்கேயேதான் இருக்கு" என்றாள். இரண்டாவது, "ஓரமா ஓடிப் போச்சு, எலி மாதிரி." மூன்றாவதற்கு நான் பந்தைத் தேடுவதை விட்டுவிட்டேன். இடுப்பைத் திருப்பினேன். கையில் ஒன்றும் தெரியவில்லை, வெறுங்காற்றை வீசியதுபோல. சத்தம் மட்டும் கேட்டது. அந்தச் சத்தத்தை நான் கேட்டு வெகு நாளாயிற்று.

காத்திருந்தேன்.

"என்ன ஆச்சு? எங்கே போச்சு?" என்றேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இருங்கோ," என்றாள். "இன்னும் மேலேதான் இருக்கு."

உன் அண்ணா,
சேஷு